ஒரு நாற்காலிக்கு மூன்று தேர்தல்

(இயக்கத் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



ஒரு எம்.எல்.ஏ.வைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழருக்கு முகம் சுருங்கிவிட்டது. 'எந்தத் தொகுதிங்க?' என்றார். '136ஆவது தொகுதி' என்றேன். 'அது எந்த மாவட்டத்துல வருது?' 'அட்லாண்டா' என்றேன். அப்பாடா என்று மூச்சு விட்டார். நம்ம ஊர் எம்.எல்.ஏ. என்றால் ஆதரவா எதிர்ப்பா என்று இந்த அறைக்குள்ளேயே ரெண்டு கட்சி ஆகிவிடும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஆள் என்றால் வம்பில்லை. ஆனால் நான் பேசி முடிக்கிறப்பவும் வம்பில்லாமலே இருக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது.

அவர் பெயர் ஜூலியன் பாண்ட். ஒரே சட்டமன்ற நாற்காலிக்காக ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று முறை மக்களிடம் போய் மூன்று முறையும் ஜெயித்தவர். ஜெயித்தும் உட்கார விடாமல் வெளியே நிறுத்தி வைக்கப்பட்டவர். இருபது ஆண்டு கழித்து, தன் மக்களில் பெரும்பான்மையோர் ஓட்டுப் போட்டும் தோற்றுப்போனவர். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதற்கு முன்னால் ஒரு உறவைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் சட்டையில் குத்தியிருக்கிற சிறுத்தை எங்கிருந்து வந்தது? 1972இல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தரிலிருந்து. அவர்களுக்கு? கலிஃபோர்னியாவில் ஓக்லாண்ட் நகரத்தில் 1966 அக்டோபரில் தொடங்கிய கருஞ்சிறுத்தைக் கட்சியிலிருந்து. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஓக்லாண்டுக்கு அது எங்கிருந்து போச்சு? அலபாமா மாநிலத்தில் லவுண்ட்ஸ் என்று ஒரு கவுன்டி. நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பர்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருத்தர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. அங்கே தங்கி வேலை செய்த மாணவர் இயக்கத்தின் பெயரைச் சுருக்கி 'ஸ்னிக்' என்பார்கள். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு. அவர்கள் துணையோடு லவுண்ட்ஸ் மக்கள் தனிக்கட்சி கட்டினார்கள். எழுத்துத் தெரியாத வாக்காளர் அதிகம் என்பதால் அலபாமாவில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சின்னம் வேண்டும். வெள்ளையரின் ஜனநாயகக் கட்சிக்குச் சேவல். நம் ஆட்கள் கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, சிறுத்தை முதலில் வந்தது வாக்குச்சீட்டில். 1999 வரைக்கும் தேர்தலைப் புறக்கணித்த இயக்கத்தின் வழியாக வளர்ந்த நமக்கு இது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். எனக்கும் படித்தபோது இருந்தது.

அந்த ஸ்னிக் அலுவலகத்தில் இருந்து வந்தவர்தான் பாண்ட்.

1940 ஜனவரி 14இல் டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் பிறந்தார். அப்பா ஹொரேஸ் மான் பாண்ட் கல்வியாளர்; பென்சில்வேனியாவில் லிங்கன் பல்கலைக்கழகத்துக்கு முதல் கறுப்புத் தலைவராக இருந்தவர். அம்மா நூலகர். தாத்தா அடிமையாகப் பிறந்தவர், பெயர் ஜேம்ஸ் பாண்ட். சிரிக்காதீங்க, அதுதான் பேர். அடிமைக்குப் பிறந்த பிள்ளை படித்து, அவர் பிள்ளை பல்கலைக்கழகத் தலைவராகி, அவர் பிள்ளை குவாக்கர்கள் நடத்திய நல்ல பள்ளியில் படித்து, 1957இல் அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் கல்லூரிக்கு வந்தார். நம் கணக்கில் சொன்னால் மூன்றாம் தலைமுறை படித்த குடும்பம். சேரிக்காரன் கஷ்டத்தை நேரடியாக அனுபவித்தவர் என்று சொல்ல முடியாது. இதை மறைக்காமல் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும்.

கல்லூரியில் கவிதை எழுதினார். நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிற்றிதழ் தொடங்கினார். அந்த இதழ் எத்தனை பிரதி விற்றது, அச்சகத்துக்கு எவ்வளவு பாக்கி என்பது எனக்குத் தெரியாது, ஊகிக்க முடிகிறது. 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ நகரத்தில் நான்கு கறுப்பு மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்ற உணவு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அந்தச் செய்தி வந்த பத்திரிகையை லானி கிங் என்ற சக மாணவர் கல்லூரிப் பக்கத்துக் கடையில் இவரிடம் காட்டினார். இங்கேயும் யாராவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்து, அந்த யாராவது நாமாகவே இருப்போமே என்று முடிந்தது. மார்ச் 9இல் அட்லாண்டா பத்திரிகைகளில் மாணவர்களின் உரிமை அறிக்கை வந்தது. 15ஆம் தேதி நகரத்தில் பல இடங்களில் உட்கார்ந்தார்கள். பாண்டின் குழு நகரமன்றக் கட்டடத்தின் உணவு விடுதியில் உட்கார்ந்து கைதானது. ஏப்ரலில் எல்லா பேக்கர் முயற்சியால் ஸ்னிக் பிறந்தது. அடுத்த ஆண்டு படிப்பை விட்டுவிட்டு அதன் செய்தித் தொடர்பாளராக முழுநேர வேலைக்குப் போனார். பட்டம் வாங்கியது 1971இல்தான்.

செய்தித் தொடர்பு என்றால் என்ன வேலை? மிசிசிப்பியில் ஒரு ஊரில் இருந்து ராத்திரி போன் வரும். யார் கைதானார், யாரை அடித்தார்கள், எந்தத் தேவாலயம் எரிந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பெயர் எழுத்து சரியா என்று பார்க்க வேண்டும். பிறகு பத்திரிகைகளுக்குச் சொல்ல வேண்டும். மேசை வேலை. எனக்கு இவரைப் பிடித்துப்போனதற்கு இதுவும் காரணம். எனக்கு இருப்பது கிளர்க்குப் புத்தி. ஊர்வலத்தில் முன்னால் நிற்கிறவர் படம்தான் வரும்; ஊர்வலத்தில் போனவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதினவர் படம் வராது.

இந்த மேசைக்காரர் எப்படி வேட்பாளர் ஆனார்? அதற்கு ஜார்ஜியாவின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஆட்களை எண்ணாமல் கவுன்டியை எண்ணுகிற முறை ஒன்று இருந்தது. அட்லாண்டா இருக்கிற ஃபுல்ட்டன் கவுன்டியில் 1960 கணக்குப்படி 5,56,326 பேர். அதற்கு 6 அலகு வாக்கு. எக்கோல்ஸ் என்ற கவுன்டியில் 1,876 பேர். அதற்கு 2 அலகு. எக்கோல்ஸில் ஒருத்தர் ஓட்டு, ஃபுல்ட்டனில் 99 பேர் ஓட்டுக்குச் சமம். சட்டமன்றத்திலும் ஃபுல்ட்டனுக்கு மூன்றே உறுப்பினர்கள். நகரத்துக் கறுப்பரை அடித்து விரட்டத் தேவையே இல்லை. ஓட்டுப் போட விட்டுவிட்டு, எண்ணுகிற இடத்தில் கழித்துக்கொள்ளலாம். 1963 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்த அலகு முறையை ரத்து செய்தது. பிறகு வந்த வழக்குகளால் தொகுதிகளை மக்கள்தொகைப்படி புதிதாக வரைய வேண்டி வந்தது. அப்படிப் பிறந்ததுதான் 136. அங்கே 6,500 வாக்காளர்கள், அதில் ஏறக்குறைய 6,000 பேர் கறுப்பர்கள். ஏழை வீடுகள்.

நிற்கலாமா வேண்டாமா என்று ஸ்னிக்குக்குள் பெரிய விவாதம். நியாயம்தான். 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு மிசிசிப்பியில் இருந்து ஃபேனி லூ ஹேமரோடு போன கறுப்பு மக்களுக்கு இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்று சொல்லி அவமானப்படுத்தியிருந்தார்கள். அந்தக் கட்சியின் பெயரில் நிற்பதா என்று கேட்டவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. ஆனாலும் நின்றார்கள். ஸ்னிக் தோழர்களே வீடு வீடாகப் போனார்கள். 'நாங்க வந்தா இதைச் செய்வோம்' என்று சொல்வதற்கு முன்னால், 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்டார்கள். கேட்டதில் இருந்து எழுதினார்கள்: மணிக்கு 2 டாலர் குறைந்தபட்சக் கூலி, தொழிற்சங்கத்தை முடக்குகிற சட்டத்தை நீக்குவது, மரண தண்டனை ஒழிப்பு. 1965 ஜூனில் தேர்தல். கறுப்பர் வாக்குரிமையைப் பாதுகாக்கும் மத்தியச் சட்டம் கையெழுத்தானது ஆகஸ்டில். அதற்கும் முன்னால் நடந்தது இது. எதிர்த்து நின்றவரும் கறுப்பர், ஒரு பல்கலைக்கழக அதிகாரி. முடிவு: 2,320க்கு 487. இந்த 2,320ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமன்றம் 1966 ஜனவரி 10இல் கூடுவதாக இருந்தது. ஒரு வாரம் முன்னால், ஜனவரி 3இல், அலபாமாவில் டஸ்கீகீ என்ற ஊரில் சாமி யங் என்ற மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கடற்படையில் வேலை பார்த்து வந்தவர், ஸ்னிக் தோழர். பெட்ரோல் பங்கில் வெள்ளையருக்கான கழிப்பறைக்குப் போக முயன்றார், அவ்வளவுதான். நாட்டுக்காகப் படையில் இருந்தவனுக்கு ஒரு கழிப்பறை இல்லை. ஜனவரி 6இல் ஸ்னிக் வியட்நாம் போரைக் கண்டித்து அறிக்கை விட்டது. வியட்நாமில் செத்தவர்களையும் சாமி யங்கையும் பக்கத்தில் வைத்துப் பேசிய அறிக்கை. ஒரு வானொலி நிருபர் பாண்டுக்குப் போன் போட்டு, இதை ஏற்கிறீர்களா என்று கேட்டார். அறிக்கையை எழுதியது இவர் இல்லை. 'நான் பார்க்கலையே, கேட்டுச் சொல்றேன்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஏற்கிறேன் என்றார். படைச் சேர்ப்பு அட்டையை எரிக்கிறவர்களின் துணிச்சலை மதிக்கிறேன் என்றும் சொன்னார். தான் எரிக்கவில்லை, எரி என்று யாருக்கும் சொல்லவும் இல்லை என்பதையும் விளக்கினார். விளக்கம் யாருக்கு வேண்டும்?

ஜனவரி 10 காலை மற்ற உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். பாண்டுக்கு எடுத்துவைக்க மாட்டேன் என்று சபையின் செயலர் சொல்லிவிட்டார். விசாரணை நடந்தது. அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உறுதிமொழி எடுக்கத் தயார் என்று பாண்ட் சொல்கிறார். உன்னால் மனப்பூர்வமாக எடுக்க முடியாது என்று சபை சொல்கிறது. தோழர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அவர் வாயால் சொன்ன சொல்லை விட்டுவிட்டு, அவர் மனசு சுத்தமா என்று இவர்கள் தீர்மானிக்கிறார்கள். கோயில் வாசலில் நின்றவனிடம் கேட்ட அதே கேள்விதானே இது? 184க்கு 12 என்று வாக்களித்து அவரை வெளியே அனுப்பினார்கள்.

ஜார்ஜியாவுக்கு இது புதுசு கிடையாது. அடிமை முறை ஒழிந்து மூன்றே ஆண்டில், 1868இல், தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த 33 கறுப்பு உறுப்பினர்களை இதே சட்டமன்றம் வெளியேற்றியது. அப்போது ஹென்றி மெக்நீல் டர்னர் சபையில் எழுந்து நின்று, நான் மனிதன், என் உரிமையைப் பிச்சையாகக் கேட்க வரவில்லை என்ற பொருளில் நீண்ட உரை ஆற்றினார். 1870இல் மத்திய அரசு தலையிட்டுத்தான் மறுபடி உள்ளே போனார்கள். பிறகு சட்டம் போட்டு ஓட்டையே பிடுங்கிக்கொண்டார்கள். 1907க்குப் பிறகு 1960கள் வரை அந்தச் சட்டமன்றத்தில் ஒரு கறுப்பர் கிடையாது.

பாண்டிடம் பலரும், நல்ல எண்ணம் உள்ளவர்கள்கூட, சொன்னது ஒன்றுதான்: கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடு, உள்ளே போய்விடலாம். அவர் மாற்றவில்லை.

இங்கே என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சிற்றிதழில் என் கவிதை வந்தது. ஒரு அலுவலகத்தில் குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தனியாக வைத்திருந்த ஒரு டம்ளரைப் பற்றி. யாரோ கத்தரித்து மேலே அனுப்பிவிட்டார்கள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம், எல்லாம் கண் முன்னால் வந்தது. 'மேற்படி கவிதை கற்பனையே. எந்த அலுவலகத்தையும் குறிப்பதல்ல. யார் மனதும் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூணு வரி. நான் எழுதினதிலேயே ரொம்பப் பேர் படித்துத் திருப்திப்பட்டது அந்த மூணு வரிதான். அதனால் பாண்ட் மாற்றிச் சொல்லவில்லை என்று நான் சொல்கிறபோது அதை வீரவணக்கம் மாதிரிச் சொல்லவில்லை. அதன் விலை என்ன என்று தெரிந்த ஆளாகச் சொல்கிறேன்.

அவருக்கு என்ன விலை? ஓராண்டு. மார்ட்டின் லூதர் கிங் சட்டமன்றத்துக்குப் பேரணி நடத்தினார். வழக்கு மூன்று நீதிபதிகள் முன்னால் போனது. பிப்ரவரியில் இருவர் எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் தீர்ப்புச் சொல்ல, பாண்ட் தோற்றார். தொகுதி காலி என்று அறிவித்து அதே மாதம் இடைத்தேர்தல் வைத்தார்கள். யாரால் காலியானதோ அவரே மறுபடி நின்றார், அமோகமாக ஜெயித்தார். சபை அப்போது கூடவில்லை; ஒரு குழு கூடி, இப்பவாவது வாபஸ் வாங்குகிறாயா என்று கேட்டது. இல்லை என்றார். மறுபடி வெளியே. செப்டம்பரில் கட்சியின் உள்தேர்தலில் ஜெயித்தார். நவம்பர் 8இல் பொதுத்தேர்தலில் மூன்றாவது முறை.

அதே நவம்பர் 8, லவுண்ட்ஸிலும் தேர்தல். சிறுத்தைச் சின்னம் அன்றைக்குத்தான் வாக்குச்சீட்டில் வந்தது. அங்கே நம் ஆட்கள் அத்தனை பேரும் தோற்றார்கள். தோட்ட முதலாளிகள் வண்டி வைத்துக் கூலி ஆட்களை ஏற்றிவந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே இயக்கம், ஒரே நாள். பெரிய கட்சிக்குள் நின்றவர் ஜெயித்தார், தனிச்சின்னத்தில் நின்றவர்கள் தோற்றார்கள். தோற்ற சின்னம்தான் பம்பாய்க்கும் மதுரைக்கும் வந்து சேர்ந்தது. எது வெற்றி என்று அன்றைய ராத்திரி கணக்குப் போட்டிருந்தால் தப்பாகத்தான் போட்டிருப்போம்.

இரண்டு நாள் கழித்து உச்ச நீதிமன்றத்தில் வாதம். டிசம்பர் 5இல் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தீர்ப்பு எழுதினார்; ஒன்பது பேரும் ஒரே குரல். ஜார்ஜியா என்ன வாதாடியது தெரியுமா? சாதாரணக் குடிமகன் போரை எதிர்த்துப் பேசலாம், ஆனால் சட்டமன்ற உறுப்பினருக்குக் கூடுதல் விசுவாசம் வேண்டும் என்று. நீதிமன்றம் இதைத் திருப்பிப் போட்டது. பிரதிநிதிக்குப் பேச்சுரிமை குறைய முடியாது. சர்ச்சையான விஷயத்தில் தன் நிலை என்ன என்று சொல்வது அவர் கடமை, அப்போதுதான் மக்களுக்கு அவரை எடைபோட முடியும் என்றது. வாய் திறக்காத எம்.எல்.ஏ.க்களை வைத்திருக்கிற நாம் இந்தத் தீர்ப்பைத் தமிழில் அச்சடித்து விநியோகிக்கலாம்.

1967 ஜனவரி 9இல் உள்ளே போய் உட்கார்ந்தார். பாக்கிச் சம்பளம் 2,000 டாலர். அரியர்ஸ் வாங்கின முதல் புரட்சிக்காரர் என்று எங்கள் யூனியன் ஆட்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் மறுநாள் என்ன நடந்தது என்றால் சிரிப்பு நின்றுவிடும். ஆளுநர் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் சட்டமன்றமே ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது. அங்கே ஆளுநர் என்றால் நம்ம முதலமைச்சர் மாதிரி. தேர்ந்தெடுத்தது லெஸ்டர் மேடாக்ஸை. 1964இல் தன் ஓட்டலுக்குச் சாப்பிட வந்த கறுப்பு மாணவர்களைத் துப்பாக்கி காட்டி விரட்டிய ஆள். அவர் ஆட்கள் கையில் கோடரிக் காம்பு. அந்தச் சபையில் உட்கார்வதற்காகத்தான் இத்தனை போராட்டம்.

நடுவில் உள்ள கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1966 செப்டம்பரிலேயே ஸ்னிக்கை விட்டு விலகியிருந்தார். 1967இல் வியட்நாம் பற்றி ஒரு படக்கதைப் புத்தகம் எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் போர் ஏன் தப்பு என்று விளங்க வேண்டும் என்று. 1968இல் சிகாகோ மாநாட்டில் மேடாக்ஸ் கூட்டிவந்த ஜார்ஜியா பிரதிநிதிகளை எதிர்த்து மாற்றுக் குழுவோடு போய்ப் பாதி இடம் வாங்கினார். அங்கே இவர் பெயரைத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தார்கள்.  வயசு 28, சட்டப்படி 35 வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டார். 1975 வரை கீழவை, பிறகு 1987 வரை மாநில மேலவை. இருபது ஆண்டு. சபையில் இருக்கிற நேரத்தைவிட வெளியூர் மேடையில் இருக்கிற நேரம் அதிகம் என்ற குற்றச்சாட்டும் கூடவே வளர்ந்தது. அதில் உண்மை உண்டு.

மேலவையில் அவர் செய்த பெரிய வேலை தொகுதி மறுவரையறை. அட்லாண்டாவில் கறுப்பர் இவ்வளவு பேர் இருந்தும் அவர்களைக் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்தார்கள். 1981இல் ஐந்தாவது நாடாளுமன்றத் தொகுதியில் கறுப்பர் 69 சதவீதம் வருகிற மாதிரி ஒரு வரைபடத்தை மேலவையில் நிறைவேற வைத்தார். கீழவை மறுத்தது. 57 சதவீதம் என்று குறைத்து ஒரு சட்டம் போட்டார்கள். 57 பெரும்பான்மைதானே என்று தோன்றும். மக்கள்தொகையில் பெரும்பான்மை; வாக்காளர் பட்டியலில் கிடையாது. பிள்ளைகளைக் கழித்து, பதிவு செய்யாதவர்களைக் கழித்தால் வெள்ளையர்தான் மேலே நின்றார்கள். 1982இல் மத்திய நீதிமன்றம் இதில் இனப்பாகுபாட்டு நோக்கம் இருக்கிறது என்று நிராகரித்தது. கடைசியில் 65 சதவீதம் ஆனது. அப்புறமும் இரண்டு தேர்தலில் பழைய வெள்ளை உறுப்பினரே ஜெயித்தார். 1986இல் அவர் வேறு பதவிக்குப் போட்டியிடப் போனதால் இடம் காலியானது. தான் வரைந்த தொகுதியில் தானே நிற்கலாம் என்று, மேலவை இடத்தை விட்டுக்கொடுத்து, பாண்ட் நின்றார்.

எதிரில் நின்றவர் ஜான் லூயிஸ்.

லூயிஸ் யார்? அலபாமாவில் குத்தகை விவசாயியின் மகன். ஸ்னிக்கின் தலைவராக இருந்தவர். 1965 மார்ச் 7இல் செல்மா பாலத்தில் மண்டை உடைந்தவர். பாண்டின் நெருங்கிய நண்பர். இரண்டு பேரும் தென் மாநிலம் முழுக்கச் சேர்ந்து சுற்றி மக்களை வாக்காளராகப் பதியவைத்தவர்கள். பாண்டுக்குப் பேச்சு, அழகு, குடும்பப் பெயர். லூயிஸுக்கு நாக்குக் கொஞ்சம் தடுமாறும், ஆனால் விடியற்காலையில் இருந்து வீடு வீடாகப் போவார். 1965இல் பாண்ட் போன மாதிரி. அப்புறம் சண்டை அசிங்கமானது. ஒரு விவாதத்தில், நீ போதைப்பொருள் சோதனைக்கு வருகிறாயா என்று லூயிஸ் சவால் விட்டார். இருபத்தைந்து வருட நட்பு அந்தத் தேர்தலோடு முறிந்தது.

ஆகஸ்டில் முதல் சுற்று: பாண்ட் 47 சதவீதம், லூயிஸ் 35. நம்ம ஊராக இருந்தால் அன்றைக்கே பட்டாசு வெடித்திருப்பார்கள். ஆனால் அலகு முறை செத்தபிறகு, 1964இல், ஜார்ஜியா ஒரு விதி கொண்டுவந்திருந்தது: பாதிக்கு மேல் வாங்காவிட்டால் முதல் இரண்டு பேருக்கு மறுசுற்று. செப்டம்பர் 2இல் மறுசுற்று. லூயிஸ் 52, பாண்ட் 48. கறுப்பு வாக்காளரில் பெரும்பான்மை பாண்டுக்குத்தான். வெள்ளை வாக்காளரில் மிகப் பெரும்பான்மை லூயிஸுக்கு. 65 சதவீதம் கறுப்பர் உள்ள தொகுதியில், எந்தக் கறுப்பர் என்பதை மீதி 35 சதவீதம் தீர்மானித்தது.

இப்போது எல்லோர் மனசிலும் பூனா ஒப்பந்தம் வந்திருக்கும். 1932இல் வகுப்புத் தீர்ப்பு கொடுத்தது 71 இடம், இரட்டை வாக்கு. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கிற வாக்கு. எரவாடா சிறையில் காந்தி பட்டினி கிடந்து செப்டம்பர் 24இல் கையெழுத்தானது 148 இடம், பொது வாக்கு. இடம் இரட்டிப்பானது, யார் உட்கார்வது என்பது ஊர் கைக்குப் போனது. 1952இல் வடக்கு பம்பாயில் அம்பேத்கரே தோற்றார், காங்கிரஸ் நிறுத்திய கஜ்ரோல்கரிடம். 1954இல் பண்டாராவில் மறுபடி. இதை ஆயிரம் கூட்டத்தில் பேசியிருக்கிறோம். பேசும்போது நாம் வழக்கமாக ஒரு சுலபமான வழியை எடுப்போம்: ஊர் ஓட்டில் வருகிறவன் கைக்கூலி, சேரி ஓட்டில் வருகிறவன் போராளி.

அட்லாண்டா அந்தச் சுலபத்தைக் கெடுக்கிறது. வெள்ளையர் ஓட்டில் ஜெயித்த லூயிஸ் கைக்கூலி இல்லை. 1987இல் இருந்து 2020 ஜூலையில் சாகிற வரைக்கும் அந்த இடத்தில் இருந்தார், கிழவயசிலும் போராட்டத்தில் கைதானார். ஏழைப் பிள்ளை அவர்தான், கல்லூரித் தலைவர் மகன் பாண்ட். உங்களில் பாதிப்பேர் லூயிஸுக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பீர்கள். நானும் போட்டிருப்பேனோ என்னவோ. ஆள் நல்லவர். ஆனால் 'யார் நல்லவர்' என்பது ஒரு கேள்வி, 'யார் தேர்ந்தெடுத்தது' என்பது வேறு கேள்வி. நல்ல ஆள் வந்துவிட்டார் என்பதற்காக இரண்டாவது கேள்வியை நாம் மடித்து வைத்துவிட்டால், அடுத்த முறை நல்ல ஆள் வராதபோது அதைக் கேட்கிற தகுதி நமக்கு இருக்காது. நம் தனித்தொகுதிகளிலும் நல்லவர்கள் வந்திருக்கிறார்கள். வந்தவர்களால் எத்தனை பேர் ஊரைப் பகைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் பேச முடிந்தது என்று எண்ணிப் பாருங்கள். பாண்டுக்கு 1966இல் அந்த வாக்கியத்தைப் பேச முடிந்ததற்குக் காரணம் அவர் வீரம் மட்டும் இல்லை. 6,500இல் 6,000 பேர் அவர் ஆட்கள். மூன்று முறை கேட்டாலும் மூன்று முறையும் அதே பதிலைச் சொல்ல அவர்களால் முடிந்தது.

அப்படிப்பட்ட தொகுதி நமக்கு எங்கே இருக்கிறது? ஊராட்சியில் மாத்திரம் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. அங்கே என்ன நடந்தது என்பது தெரியும். மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்தாண்டு தேர்தலே நடக்கவிடவில்லை, 2006 வரை. ஜார்ஜியாக்காரன் தீர்மானம் போட்டு வெளியேற்றினான். இங்கே தீர்மானத்துக்குக்கூட நேரம் ஒதுக்கவில்லை.

கொலை நடக்காத ஊர்களைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கிளைக்கு ஒரு ஊராட்சித் தலைவர் அம்மா வருவார். நம்ம ஆள். காசோலையில் அவர் கையெழுத்தும் துணைத்தலைவர் கையெழுத்தும் சேர்ந்து இருக்க வேண்டும். துணைத்தலைவர் நேராக மேனேஜர் அறைக்குள் போய் உட்காருவார். அந்த அம்மா கவுன்டருக்கு வெளியே, தூண் பக்கத்தில் நிற்பார். செக் புத்தகம் துணைத்தலைவர் பையில். கூப்பிட்டால் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி தூணுக்குப் போய்விடுவார். முதல் இரண்டு தடவை நான் பார்த்துக்கொண்டு ரூபாய் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவைதான் எழுந்து போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து தூணுக்குப் பக்கத்தில் போட்டு, 'உட்காருங்கம்மா' என்றேன். அவர் உட்காரவில்லை. 'நீ உள்ள போ தம்பி, உனக்கு எதுக்கு வம்பு' என்றார். நாற்காலி சாயங்காலம் வரைக்கும் அங்கேயே கிடந்தது.

தோற்றபிறகு பாண்ட் கல்லூரிகளில் வரலாறு கற்பித்தார். 1998இல் இருந்து 2010 வரை கறுப்பர்களின் பழைய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.க்குத் தலைவராக இருந்தார். 2015 ஆகஸ்ட் 15இல் இறந்தார். ஜார்ஜியா சட்டமன்ற வளாகத்தில் 1868இல் வெளியேற்றப்பட்ட 33 பேருக்கு ஒரு சிற்பம் இருக்கிறது. 1978இல் கறுப்பு உறுப்பினர்கள் முயற்சியால் வைத்தது. நிறத்துக்காக வெளியேற்றப்பட்டவர்கள் என்று அதற்குப் பெயர்.

தோழர் கடிகாரத்தைப் பார்க்கிறார். லூயிஸ் விஷயத்தில் நான் சொன்னதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பீர்கள், பின் வரிசையில் ஒரு தங்கச்சி ரொம்ப நேரமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். டீ வந்துவிட்டது. குடித்துக்கொண்டே கேளுங்கள்.